நுரை உதிர்ந்த ஸ்பீக்கரைத் தேடி வாங்கினோம்: 12,000 ரூபாய்க்குள் ஹாலுக்கு ஒரு ஸ்டீரியோ

எங்கள் வீட்டு டிவி சுவரோடு ஒட்டிய மெல்லிய ரகம். அதன் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. குரல் தரைப்பக்கம் போய்ச் சிதறித்தான் சோபாவுக்கு வரும். நாடகத்தில் பேசுவது பாதி புரியவில்லை என்று அம்மா ஒலியைக் கூட்டுவார். கூடுவது பின்னணி இசைதான். அப்பாவுக்கு மாலையில் கச்சேரி கேட்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 12,000 ரூபாய் ஒதுக்கினோம். அதில் என்ன வாங்கினோம், எதை வாங்காமல் விட்டோம், வாங்கியதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

இந்தப் பணத்துக்குப் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சவுண்ட்பார். மற்றொன்று ஒரு சப்வூஃபரும் (ஆழ்ந்த ஒலிக்கு மட்டுமான பெட்டி) உள்ளங்கை அளவுப் பெட்டிகளும் சேர்ந்த 2.1, 5.1 செட். கடையில் போட்டுக் காட்டும்போது அதிரும். ஆனால் மனிதக் குரலுக்கு அந்த அதிர்வு உதவாது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு 100 ஹெர்ட்ஸைச் சுற்றித் தொடங்குகிறது. சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் தெளிவு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. மூன்று இஞ்ச் ஸ்பீக்கரால் அந்தக் கீழ்ப்பகுதியை ஒழுங்காகத் தர முடியாது. அதனால் அந்த வேலையைச் சப்வூஃபரிடம் தள்ளிவிடுகிறார்கள். பாடகரின் நெஞ்சுக்குரல் மூலையிலிருந்தும் மிச்சக் குரல் டிவி பக்கத்திலிருந்தும் வருகிறது. கச்சேரி கேட்பவருக்கு இது தாங்காது. ஐந்தரை அல்லது ஆறரை இஞ்ச் வூஃபரும் (கீழ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒரு ட்வீட்டரும் (மேல் ஒலிக்கான சின்னது) உள்ள இரண்டு பெட்டிகள் போதும் என்று அங்கேயே முடிவுக்கு வந்தேன்.

அட்டைப்பெட்டியில் வாட் கணக்கைப் பெரிதாகக் காட்ட அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. அதற்குப் பதில் செட்டைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். அடாப்டரில் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போகும் மின்சாரமே 36 வாட்தான். அதற்கு மேல் தொடர்ந்து வெளியே வர வழியில்லை. முன்பக்கம் ஆயிரக்கணக்கில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

உண்மையில் நமக்கு எவ்வளவு வாட் வேண்டும்? இதைச் சொல்வது ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண். 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 87 டெசிபல் கேட்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் சுற்றி இருக்கும். ஆக, வீட்டு ஹாலில் நாள் முழுக்க நாம் கேட்பது ஒரு வாட்டுக்குள்தான். மீதி எல்லாம், திடீரென வரும் தவிலின் அடிக்கும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலிக்கும் கையிருப்பு. 3 டெசிபல் கூட்ட வாட் இரட்டிப்பாக வேண்டும். 50 வாட் ஆம்புக்கு (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்) பதில் 100 வாட் ஆம்ப் வாங்கினால் கிடைக்கும் லாபம் அந்த 3 டெசிபல் மட்டும். காதுக்கு அது கொஞ்சம் கூடிய மாதிரிதான் தெரியும். 84 டெசிபல் ஸ்பீக்கரை விட்டு 87 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தாலும் அதே லாபம், செலவில்லாமல்.

அதனால் பணத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கு. அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வேண்டுமானால் பழையதுதான். பழையதிலும் நுரை வளையம் உதிர்ந்ததாகப் பார்த்துத் தேடினேன். காரணம் இதுதான்: ஸ்பீக்கரில் கெட்டுப்போகும் பாகம் வேறு, விலை உயர்ந்த பாகம் வேறு. காந்தம், இரும்புச் சட்டம், காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்), ட்வீட்டர், மரப்பெட்டி ஆகியவற்றில்தான் பணம் இருக்கிறது; ஒழுங்காக வைத்திருந்தால் அவை பல பத்தாண்டுகள் தாங்கும். அதிர்ந்து ஒலி தரும் கூம்பான கோனையும் சட்டத்தையும் இணைக்கும் அந்த மெல்லிய வளையம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. ஈரக்காற்று அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் பதினைந்து வருடம் கடந்த நுரை பெரும்பாலும் விரல் பட்டாலே பிசுபிசுவென்று பொடியாகும். பார்க்க மோசமாக இருப்பதால் விற்பவர் விலையை இறக்கிவிடுவார். மாற்றும் செலவோ சில நூறு ரூபாய்.

ரப்பர் வளையம் உள்ள பழைய ஸ்பீக்கர் கிடைத்தால் இன்னும் நல்லது, வேலையே இல்லை. கொல்கத்தாவில் 1970இல் தொடங்கிய சோனோடைன் போன்ற நம் ஊர்க் கம்பெனிகளின் பழைய பெட்டிகளும் பழைய சாமான் சந்தையில் வருகின்றன. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை.

எனக்குக் கிடைத்தது ஆறரை இஞ்ச் வூஃபர், ஒரு இஞ்ச் துணி டோம் ட்வீட்டர் உள்ள இறக்குமதிப் புக்ஷெல்ஃப் ஜோடி. விற்றவர் வீடு காலி செய்துகொண்டிருந்தார். 4,500 ரூபாய். இரண்டு வூஃபரிலும் நுரை பாதி காணவில்லை.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவதும் நிற்பதும் இங்கேதான். முதலில் பெட்டி. அடிப்பக்கத்தையும் பின்பக்க மூலைகளையும் தடவிப் பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை தண்ணீர் பட்டால் உப்பும். உப்பினால் பிறகு சரியாகாது. மழைநீர் புகுந்த வீட்டில் தரையில் நின்ற பெட்டிக்கு அடி விளிம்பில் அது தெரிந்துவிடும். பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டினால் மந்தமாகச் சுருங்கிய சத்தம் வர வேண்டும். டொங்கென்று நீண்டால் பலகை மெலிது.

அடுத்து வூஃபர். நுரை இல்லாவிட்டாலும் கோன் நடுவில் நிற்கும். பின்னால் இருக்கும் ஸ்பைடர் என்ற நெளித் துணி அதைப் பிடித்திருக்கிறது. இரண்டு கைவிரல்களையும் எதிரெதிராக வைத்து, கோனைச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் கருகி உப்பியிருக்கலாம், அல்லது நுரை போன பிறகும் சத்தமாகப் போட்டுக் கேட்டதில் சாய்ந்திருக்கலாம். உரசினால் வாங்க வேண்டாம். காயில் கட்டித் தருவார்கள்தான், ஆனால் அதன் பிறகு அது பழைய ஸ்பீக்கராக இருக்காது. மல்ட்டிமீட்டரில் ஓம்ஸ் அளந்தால் 8 ஓம் வூஃபர் 6 ஓம் அருகே காட்டும். எண்ணே காட்டாமல் முடிவிலி என்று நின்றால் காயில் அறுந்திருக்கிறது. இரண்டு வூஃபரும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், அது முக்கியம்.

ட்வீட்டரை விரலால் அழுத்தக் கூடாது. டோம் ஒடுங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். பிறகு பாட்டுப் போட்டு, ட்வீட்டருக்கு நேராகக் காதை வைத்து ஜால்ரா தெளிவாக வருகிறதா என்று கேளுங்கள். ட்வீட்டர் போயிருந்தால் அதே மாடல் கிடைப்பது கடினம். நுரை போனதை வாங்கலாம், ட்வீட்டர் போனதை வாங்கக் கூடாது என்பதே என் கணக்கு.

இனி வேலை. வூஃபரின் திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்ததும் எந்த வயர் எந்த முனையில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். புதிய வளையம் வாங்க "ஆறரை இஞ்ச்" என்று கேட்டால் பொருந்தாது. கோனின் விட்டம், வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் விட்டம் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் டிரான்ஸ்ஃபார்மர், டோன் போர்டு, கோன், வளையம் என்று தொங்கும். ஸ்பீக்கர் ரிப்பேர் செய்யும் பெரியவர் அளவைப் பார்த்துவிட்டு, "ரப்பர் போட்டுருங்க சார். ஆயுசுக்கும் போகாது" என்றார்.

"இல்லண்ணே, இது ஓட்டையில்லாத மூடின பெட்டி. நுரையே குடுங்க."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளேயிருந்து ஒரு கட்டு எடுத்தார். என் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு ஆழமான பாஸ் (கீழ் ஒலி) வேண்டுமென்றால் பெட்டி பீரோ அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அவர் வூஃபரின் பிடிமானத்தை மிகவும் தளர்வாக வைத்துப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். கோனைத் திரும்ப இழுக்கும் வேலையை உள்ளே அடைபட்ட காற்றே செய்தது. சின்னப் பெட்டியிலேயே ஆழமான பாஸ் வந்தது. நான் வாங்கிய பெட்டியும் அதே வழியில் வந்தது. கனமான, விறைப்பான ரப்பரை ஒட்டினால் அந்தத் தளர்வு போய்விடும். பாஸ் ஆழத்துக்கு இறங்காமல் மேலே நின்றுவிடும். நுரை பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி போகட்டும், மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

பழைய நுரையைச் சட்டத்திலிருந்து பிளேடால் சுரண்டுவது எளிது. கோன் விளிம்பில்தான் பொறுமை வேண்டும். காகிதக் கோன் என்பதால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டு, பசை ஊறியதும் விரல் நுனியால் உருட்டி எடுத்தேன். ஊற்றினால் கோன் தொய்ந்துவிடும். விளிம்பு முழுக்கச் சுத்தமாக வந்த பிறகே புதிய வளையத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

பசையில் இரண்டு வழி உண்டு. தொட்டதும் பிடிக்கும் ரப்பர் பசை வேகமானது, ஆனால் வளையம் அரை மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்தால் திருத்த முடியாது. காய்ந்தாலும் நெகிழ்வாக இருக்கும் வெள்ளைப் பசையை எடுத்தேன்; நுரைக்கும் காகிதத்துக்கும் அது நன்றாகப் பிடிக்கும். ரப்பர் வளையம் என்றால் இந்தப் பசை பிடிக்காது, அதற்கு வேறு பசை வேண்டும். முதலில் கோனில் மட்டும் ஒட்டி, சுற்றிலும் விரலால் அழுத்தி, இரவு முழுக்க விட்டுவிட்டேன். சட்டத்தில் ஒட்டுவது மறுநாள் வேலை.

அந்த இரண்டாவது ஒட்டில்தான் ஸ்பீக்கரின் உயிர் இருக்கிறது. காயில் நகரும் இடுக்கு முடி அளவுதான். கோன் சற்றே ஒருபக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க உரசும். சட்டத்தில் பசையைத் தடவி வளையத்தைப் படிய வைத்ததும், சிறிய ஆம்பில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைவாகக் கொடுத்தேன். கோன் மேலும் கீழும் மெதுவாக ஆடும். காதைக் கிட்டே வைத்தால் உரசல் கேட்கும் பக்கம் தெரியும். அந்தப் பக்கத்து வளையத்தைத் துளி நகர்த்த வேண்டும். சத்தமே இல்லாமல் சுத்தமாக ஆடும் நிலை வந்ததும் விளிம்பு முழுவதும் துணி மாட்டும் க்ளிப் போட்டேன். பசை இறுகும்வரை இடையிடையே அந்த ஒலியைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கோனும் வெளியே துள்ளின. ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போயிருந்தால் வயரிங் தலைகீழ் என்று அர்த்தம். அப்படி இணைத்துக் கேட்டால் பாஸும் நடுவில் நிற்க வேண்டிய குரலும் காணாமல் போகும்.

பெட்டி திறந்திருக்கும்போதே கிராஸ்ஓவரையும் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் சர்க்யூட்) பார்த்துவிட்டேன். ட்வீட்டருக்கு முன்னால் 4.7 மைக்ரோஃபாரட் பைபோலார் கெபாசிட்டர் ஒன்று. 8 ஓம் ட்வீட்டரோடு சேரும்போது 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகத் தடுக்கும் வேலை அதனுடையது. எலக்ட்ரோலிட்டிக் ரகம் வயதானால் உள்ளே உலர்ந்து மதிப்பு மாறும், ட்வீட்டர் மங்கும். அதே மதிப்பில் பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டர் போட்டேன். ஆடியோ என்று பெயர் அச்சிட்டு விலை ஏற்றிய ரகம் தேவையில்லை. சீலிங் ஃபேனுக்குள் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் பாலிப்ரோப்பிலீன்தான்; இரண்டை இணையாகச் சேர்த்தால் 5 வரும், அந்த வித்தியாசம் இங்கே பொருட்டில்லை. மாற்றிய பிறகு ஜால்ராவும் தம்பூராவின் மேல் ஒலியும் பளிச்சென்று வந்தன.

வூஃபரைத் திரும்ப மாட்டி இறுக்கியதும் கோனை மெல்ல அழுத்தி விட்டேன். நிதானமாகத் திரும்பி வந்தது. மூடிய பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது என்பதற்கு அதுவே சோதனை. டக்கென்று திரும்பினால் எங்கோ கசிகிறது, திருகு ஓரத்துப் பட்டையைப் பார்க்க வேண்டும்.

ஆம்புக்கு வருவோம். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைப்பது 4440 என்ற சிப் உள்ள ஆம்ப் போர்டு. 12 வோல்ட்டில் ஒரு பக்கத்துக்கு 6 வாட் அளவு தரும். சின்ன அறையில், 90 டெசிபல் ஸ்பீக்கரோடு அது தாராளமாகப் போதும். பலர் ஆசைப்படும் 5200, 1943 டிரான்சிஸ்டர் போர்டு நல்ல சத்தம் தரும். ஆனால் அதற்குக் கனமான டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், கேபினட் என்று செலவு நீளும். நான் எடுத்தது டிபிஏ 3116 சிப் உள்ள கிளாஸ் டி ஆம்ப், கேபினட்டோடு 1,800 ரூபாய். 24 வோல்ட்டில் 8 ஓமுக்குச் சுத்தமாக 30 வாட் அளவு கொடுக்கும், சூடும் குறைவு. அடாப்டரைத் தனியாக, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்ட 24 வோல்ட் 4 ஆம்பியராகப் பார்த்து வாங்கினேன். இந்த வகை ஆம்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்பீக்கர் மைனஸ் என்பது கிரவுண்ட் இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் சப்ளையில் பாதி வோல்ட் நிற்கும். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயரில் இழுத்தால் சிப் போய்விடும்.

ஸ்பீக்கர் வயருக்கு எலக்ட்ரிகல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃபிளெக்சிபிள் வயர். ஐந்து மீட்டர் நீளத்துக்குப் போகவர மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.13 ஓம்தான். 8 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. இதற்கு மேல் வயருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய ரூபாய் என்றே நினைக்கிறேன்.

டிவியில் ஹெட்ஃபோன் துளை இல்லை. ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து ஒரு சின்ன டிஜிட்டல் அனலாக் பெட்டி வழியாக ஆம்புக்கு எடுத்தேன், 900 ரூபாய். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஸ்டீரியோ) என்று மாற்ற வேண்டும். ஆட்டோவில் விட்டால் சில சேனல்களில் டால்பி சிக்னல் போகும், மலிவான பெட்டிக்கு அது புரியாது, சத்தமே வராது. ஆம்பில் புளூடூத் இருக்கிறது, அப்பா போனிலிருந்து பாட்டுக் கேட்க அது போதும். டிவிக்கு மட்டும் வயர்தான் சரி. புளூடூத்தில் உதடு அசைந்த பிறகு பேச்சு வரும்.

கடைசியாக ஹால். 14 அடிக்கு 10 அடி, டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினால் டிங்கென்று எதிரொலித்தது. அந்த எதிரொலிதான் பேச்சை விழுங்குகிறது. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே பரணில் இருந்த பவானி ஜமுக்காளத்தை மடித்து இரண்டடுக்காக விரித்தோம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டோம், சோபாவுக்குப் பின்னால் புத்தக அலமாரியை நகர்த்தினோம். அம்மாவுக்குச் சொற்கள் பிரிந்து கேட்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். இதே ஸ்பீக்கர் ஜமுக்காளம் விரிக்காத ஹாலில் பாதிதான் புரிந்தது.

ஸ்டாண்டுக்கு எட்டு இஞ்ச் சிமெண்ட் ஹாலோ பிளாக், பக்கத்துக்கு மூன்று, படுக்கை வாட்டில் அடுக்கினோம். 24 இஞ்ச் உயரம் வந்தது, ட்வீட்டர் உட்காருபவரின் காது உயரத்துக்கு நின்றது. பெட்டிக்கும் பிளாக்குக்கும் நடுவில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டுகள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இப்படி அடுக்காதீர்கள், சுவரில் ஆங்கிள் அடித்து வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக வைத்தோம். மூலையில் ஒட்டி வைத்தால் மிருதங்கம் மொத்தையாகக் கேட்கும். சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுத்ததும் தொப்பியின் கும்காரம் தனியாகப் பிரிந்தது.

எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. மிச்சப் பணத்தில் சப்வூஃபர் வாங்கலாமே என்று தம்பி கேட்டான். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ஹாலின் நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ் அருகிலும் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ் அருகிலும் காற்று தானாகவே எதிரொலித்துப் பெருகும். அங்கே சப்வூஃபரை வைத்தால் அந்த இரண்டு இடமும்தான் முழங்கும். வாங்குவதாக இருந்தால் எட்டு இஞ்ச் மூடிய பெட்டியாகப் பார்த்து, முதலில் அதைச் சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, ஹாலின் ஓரங்களில் குனிந்து நடந்து எங்கே பாஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை மாற்றி வைக்க வேண்டும். அதற்கு முன் கிரில் துணி மாற்ற வேண்டியிருக்கிறது. பழையது கிழிந்துவிட்டது. ஊதினால் காற்று தடையில்லாமல் போகும் மெல்லிய துணியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.